மீதியாக நின்ற ஆறு குளிசைகள்

றிஸ்கா மகள், அஸ்ஹர் மகன், இதை நீங்கள் ரெண்டு பேரும் ஒன்றாக இருந்து வாசிக்க வேண்டும். சிரிப்பு வருகிற இடத்தில் சிரியுங்கள். வாப்பாவின் எழுத்தைப் பார்த்து மட்டும் சிரிக்க வேண்டாம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கொப்பி முழுக்க எழுதுவதென்றால் லேசான வேலையா?

போன வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நடந்தது ஞாபகம் இருக்கிறதா? றிஸ்கா கணிதக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, இந்த எண் 4 ஆல் வகுபடுமா, அந்த எண் 9 ஆல் வகுபடுமா என்று இருபது எண்களோடு மல்லுக்கட்டினாள். பாதியில் பென்சிலை எறிந்தாள்.

"வாப்பா, இது ஆருக்கு வேணும்? போன்ல அமத்தினா விடை வருதே!"

அஸ்ஹர் கதிரையில் சாய்ந்தபடி, "சும்மா எழுதுகா. சோதினைக்கு வரும். மறுகா மறந்திரலாம்" என்றான்.

என் வாயில் தேத்தண்ணி. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை! அந்தக் கணக்கால் ஒரு மனுசியைத் தேடி நான் சைக்கிள் மிதித்த கதை உங்களுக்குத் தெரியாது. உம்மாவுக்கும் பாதிதான் தெரியும். பென்சன் வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது, இனிச் சொன்னால் குற்றமில்லை. ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் எழுத மாட்டேன்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போன கதையை நீட்டத் தேவையில்லை. சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீன்பெட்டி தூக்கினேன். பிறகு ஆஸ்பத்திரியில் நாட்கூலி, வார்டு கழுவுதல், தள்ளுவண்டி உருட்டுதல். கடைசியில் மருந்து கொடுக்கும் அறையில் சிற்றூழியர். அங்கே இருபத்திரண்டு வருடம். ஸ்டோரில் இருந்து டின்கள் கொண்டுவருவது, போத்தல்கள் கழுவுவது, மருந்துக் குளிசைகளைச் சின்னக் கடதாசிக் கவர்களில் போட்டு வைப்பது, ஜன்னலில் நின்று நீட்டுவது, இதுதான் என் உத்தியோகம்.

அந்த ஜன்னலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது கண்ணாடி ஜன்னல்தான். ஆனால் 'வரிசையில் வரவும்', 'சத்தம் போடாதீர்', 'டெங்கு' என்று ஒன்றின் மேல் ஒன்றாக நோட்டீஸ் ஒட்டி, அந்தப் பக்கம் நிற்பவரின் முகமே தெரியாமல் போய்விட்டது. கீழே அரைவட்டமாக ஓர் ஓட்டை. டாக்டர் எழுதிய துண்டு அதால் உள்ளே வரும், மருந்து அதால் வெளியே போகும். பல வருடம் நான் பார்த்ததெல்லாம் கைகள்தான்.

அறைக்குப் பெரியவர் யோகேஸ்வரி மிஸ். பார்மசிஸ்ட். காரைதீவில் இருந்து ஸ்கூட்டியில் வருவார். என்னைவிட நாலைந்து வயது இளையவர், அண்ணன் என்கிற மாதிரி என்னை 'லெவ்வை காக்கா' என்றுதான் கூப்பிடுவார். அவர் ஒருநாளும் கத்தியதில்லை. யாராவது பிழை விட்டால், குளிசை எண்ணுகிற தட்டையான தகட்டால் மேசையில் ரெண்டு தட்டுத் தட்டுவார். டக், டக். அதுக்கே எங்களுக்கு வேர்க்கும்.

அவர் எண்ணுகிறதைப் பார்க்க வேண்டும் மக்காள்! நீலத் தட்டில் குளிசையைக் கொட்டி, தகட்டால் மூன்று மூன்றாக இழுப்பார். உதடு அசையாது. முப்பது வந்தால் ஒரு மூச்சு, பிறகு அடுத்த முப்பது. நடுவில் யாராவது கதை கொடுத்தால் பதில் சொல்ல மாட்டார், ஏச மாட்டார், எண்ணிய எல்லாவற்றையும் திரும்பக் கொட்டிவிட்டு முதலில் இருந்து தொடங்குவார். அதற்குப் பிறகு அந்த ஆள் ஆயுளுக்கும் குறுக்கே கதைக்க மாட்டான். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: "ஒராள் எண்ண வேணும், மற்றாள் பார்க்க வேணும். நானா இருந்தாலும்தான்."

எங்கள் அறையில் நாலு வகைக் குளிசை ஒரே வெள்ளை, ஒரே வட்டம், ஒரே அளவு. அந்த நாலையும் மட்டும் ஒவ்வொரு நாளும் பின்னேரம் மிச்சம் எண்ணி, அன்றைக்கு எத்தனை வெளியே போனது என்று எழுதி வைப்பார் மிஸ். அந்த நாலில் ரெண்டை இப்போதே மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று தடிமன் குளிசை, மூக்கால் ஒழுகுகிறவருக்கு. மற்றது சீனிக் குளிசை, அதாவது சீனி வருத்தக்காரருக்கு இரத்தத்தில் சீனியைக் குறைக்கிறது. சீனி வருத்தம் இல்லாத ஆள் அதைப் போட்டால் இருக்கிற சீனியும் இறங்கி, வேர்த்து, நடுங்கி, மயங்கி விழலாம்.

இனிக் கணக்குக்கு வருகிறேன்.

பத்து வருடத்துக்கு முன், அஸ்ஹர் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, இதே பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவனுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கப்படுத்தத் தெரியவில்லை. நான் அவனுடைய புத்தகத்தை வாங்கி, விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தேன். ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டு. வருகிறது 9 ஆல் வகுபட்டால் அந்த எண்ணும் 9 ஆல் வகுபடும். அட, இது என்ன மந்திரமா?

அடுத்த நாள் வேலையில் கவர் கட்டிக்கொண்டிருந்தேன். தடிமனுக்கு வருகிற ஆளுக்கு மூன்று வேளை, மூன்று நாள், ஒன்பது குளிசை. எல்லாருக்கும் ஒன்பது. அப்படியென்றால்... நான் மிஸ்ஸின் கொப்பியை எட்டிப் பார்த்தேன். முந்தின நாள் போன தடிமன் குளிசை 423. நாலும் ரெண்டும் மூன்றும் ஒன்பது! அதற்கு முந்தின நாள் 612. ஆறும் ஒன்றும் ரெண்டும் ஒன்பது!

"மிஸ்! ஒன்பது! எல்லாம் ஒன்பது!"

"மெல்ல, காக்கா. வெளியில ஆக்கள் பயந்திருவாங்க."

அவர் சிரிக்கவில்லை. கொப்பியை இழுத்து, நாலு எண்களை ஒரு துண்டில் எழுதி என் முன்னால் தள்ளினார். 549, 738, 654, 477. "இதுல எது சரியில்ல? வகுக்கக் கூடாது."

நான் விரலை மடக்கினேன். "அறுநூற்றி ஐம்பத்திநாலு. கூட்டினா பதினைஞ்சி வருது."

அவர் பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "ஓம். அண்டைக்கு ஒரு வயசாளிக்கு டாக்டர் அஞ்சு நாளுக்கு எழுதியிருந்தார். எழுபத்தொரு பேருக்கு ஒன்பது, ஒராளுக்குப் பதினைஞ்சு." பிறகு தன் மேசையில் இருந்த சிவப்புப் பேனையை என்னிடம் நீட்டினார். "இனி ஒவ்வொரு நாளும் கூட்டிப் பார்த்து நீங்கதான் சரி போட வேணும்."

மக்காள், எட்டாம் வகுப்புப் படித்தவனுக்குச் சிவப்புப் பேனை! அன்றைக்கு நான் சைக்கிளில் வீட்டுக்கு வந்தேனா, பறந்து வந்தேனா தெரியாது.

அது ஏன் அப்படி வருகிறதென்று புத்தகம் சொல்லவில்லை. நான் கவரை வைத்துக் கண்டுபிடித்தேன். பத்துக் குளிசையில் ஒரு கவர் கட்டினால் ஒன்று மிஞ்சும். நூறு குளிசையில் பதினொரு கவர் கட்டினால், அப்போதும் ஒன்றுதான் மிஞ்சும். ஆகவே 423 இல் நாலு நூறும் நாலை மிச்சம் தரும், ரெண்டு பத்தும் ரெண்டைத் தரும், கடைசி மூன்று மூன்றாகவே நிற்கும். மிஞ்சியதையெல்லாம் சேர்த்தால் ஒன்பது, இன்னொரு கவர்! றிஸ்கா, இலக்கத்தைக் கூட்டுவது என்பது மிஞ்சியதைக் கூட்டுவதுதான். வேறொன்றும் இல்லை.

சீனிக் குளிசைக்கு வேறு விதி. கிளினிக்குக்கு வருகிற சீனி வருத்தக்காரருக்கு நாலு கிழமைக்குக் கொடுப்போம். ஒரு வேளைக்காரருக்கு 28, ரெண்டு வேளைக்காரருக்கு 56. எப்படிப் பார்த்தாலும் 28 இன் மடங்கு. 28, 4 ஆல் வகுபடும். ஆகவே போன தொகையும் 4 ஆல் வகுபட வேண்டும். அதற்குக் கடைசி ரெண்டு இலக்கத்தைப் பார்த்தால் போதும், ஏனென்றால் நூறு எப்போதும் நாலு பங்காகப் பிரியும். ஒரு பார்வை, ஒரு சரி.

பிறகு நோன்பு வந்தது. முதல் நாளே என் ஒன்பது கவிழ்ந்தது! தடிமன் குளிசை 336. கூட்டினால் பன்னிரண்டு. நான் பயந்து போய் மிச்சத்தை மூன்று தரம் எண்ணினேன். மிஸ் தகட்டால் தட்டவில்லை, பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "காக்கா, இண்டைக்கு நீங்க மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

"என்ன மிஸ், நான் நோன்பெல்லா?"

"நோன்புக்காரர் பகல்ல குளிசையும் போட மாட்டாங்கதானே?"

அல்லாஹ்வே! நோன்பு பிடிக்கிறவர்களுக்கு மூன்று வேளை மருந்தை டாக்டர் ரெண்டு வேளையாக மாற்றி எழுதுவார், நோன்பு திறந்த பிறகு ஒன்று, விடியமுந்தி ஸஹருக்கு ஒன்று. மூன்று நாளைக்கு ஆறு. அந்தக் கவர்களைக் கட்டியதே நான்தான்! நோன்பு பிடிக்காத பிள்ளைகளுக்கும் மற்ற ஆட்களுக்கும் ஒன்பது. ஆறும் ஒன்பதும் கலந்தால் 9 ஆல் வகுபடும் என்று இல்லை, ஆனால் 3 ஆல் வகுபடும். அன்றில் இருந்து பெருநாள் வரைக்கும் தடிமன் குளிசைக்கு மூன்றின் விதி என்று முடிவெடுத்தோம். நோன்புக்காரரின் துண்டில் மிஸ் மூலையில் 'நோ' என்று எழுதுவார். ஒன்று சொல்ல வேண்டும்: அந்த மாதம் முழுக்க அவர் எங்கள் கண்முன் தண்ணி குடித்ததில்லை. மருந்து றாக்கைக்குப் பின்னால் போய்த்தான் குடிப்பார், போத்தல் மூடியின் சத்தம்கூடக் கேட்காது.

இனித்தான் அந்த நாள்.

நோன்பு பாதி கடந்திருந்தது. கிளினிக் நாளும் அதுதான், வெளிநோயாளர் கூட்டமும் அதுதான். சீனிக் குளிசையில் பழைய மிச்சம் ஒன்றும் இல்லை, காலையில் ரெண்டு புது டின் திறந்தோம், டின்னுக்கு ஆயிரம். பின்னேரம் மூன்றரைபோல ஜன்னலைப் பூட்டிவிட்டு மிச்சம் எண்ணினோம். மிஸ் எண்ண, நான் பார்க்க, 230. அப்போ போனது 1770.

தடிமன் குளிசை போனது 393. கூட்டினால் பதினைந்து. 3 ஆல் வகுபடும். சரி போட்டேன்.

1770 க்குச் சரி போடப் பேனையை வைத்தேன். கடைசி ரெண்டு இலக்கம் 70. நாலு பதினேழு அறுபத்தெட்டு. ரெண்டு மிச்சம்.

"மிஸ், இது வகுபடல்ல."

"இன்னொருக்கா எண்ணுவம்." எண்ணினார். 230. "டின்லயே குறைஞ்சிருக்கும் காக்கா. கொம்பனிக்காரன் எண்ணுறதும் மனிசன்தானே."

இருக்கலாம். போன மாதம் ஒரு டின்னில் ரெண்டு குறைந்திருந்தது. நோன்புக் களைப்பு, எல்லாரும் வீட்டுக்குப் போகிற நேரம், பேனையால் ஒரு கோடு இழுத்தால் முடிந்தது. ஆனால் என் கை இழுக்கவில்லை. நான் ஒரு துண்டை எடுத்து 1770 ஐ 28 ஆல் நேராக வகுத்தேன். அறுபத்துமூன்று தரம் போனது. 1764. மீதி 6.

ஆறு!

"மிஸ், ரெண்டு மிஞ்சினா டின் எண்டு சொல்லலாம், அஞ்சி மிஞ்சினாலும் சொல்லலாம். ஆறு மிஞ்சியிரிக்கி. ஆறு எண்டா நோன்புக் கவர்!"

மிஸ்ஸின் முகம் மாறியதை நான் முதல் தரம் அன்றைக்குத்தான் பார்த்தேன். துண்டுகள் குத்திய கம்பியை எடுத்தார். ஜன்னலால் வருகிற ஒவ்வொரு துண்டையும் அந்தக் கம்பியில் குத்துவோம், கடைசியாக வந்தது மேலே இருக்கும். ரெண்டு பேரும் தடிமன் துண்டுகளைப் பிரித்து எண்ணினோம். 'நோ' போட்டது 41. போடாதது 17. நாற்பத்தொரு ஆறு 246, பதினேழு ஒன்பது 153. கூட்டினால் 399 போயிருக்க வேண்டும். போனது 393.

இங்கே ஆறு குறைவு. அங்கே ஆறு கூட.

பார்த்தீர்களா, றிஸ்கா? 393 உம் மூன்றால் வகுபடும், 399 உம் மூன்றால் வகுபடும். ஆறு களவு போனாலும் மூன்றின் விதி வாய் திறக்காது! நான் சரி வேறு போட்டிருந்தேன். வகுபடாவிட்டால் எங்கேயோ பிழை நிச்சயம். வகுபட்டால் எல்லாம் சரி என்று நிச்சயம் இல்லை. இதை உன் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வை.

"நோன்புக் கவர் எத்தினை கட்டினீங்க?" மிஸ் கேட்டார்.

"நாப்பது."

நாற்பது கவர், நாற்பத்தொரு துண்டு. சொன்ன உடனே எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. கடைசி ஆள். கட்டிய கவர் முடிந்திருந்தது. மிஸ் துண்டில் 'நோ' போட்டுத் தந்துவிட்டு ஸ்டோருக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை அந்த ஆளை நிற்கச் சொல்லியிருக்கலாம். நான் கையை நீட்டிப் போத்தலை எடுத்தேன், ஆறை எண்ணினேன், கவரில் போட்டு நீட்டினேன். எண்ணியது நான். பார்த்தது ஒருவரும் இல்லை. அந்த இடத்தில் தடிமன் போத்தல்தான் நிற்கும். அன்றைக்குக் கிளினிக் அவசரத்தில் சீனிப் போத்தலை அங்கே கொண்டுபோய் வைத்தவனும் நான்தான்.

"மிஸ், நான்தான்."

டக், டக் என்று தட்டுவார் என்று நினைத்தேன். அவர் தகட்டைக் கீழே வைத்தார். "அது நாளைக்கு. நோன்புக்காரர் எத்தினை மணிக்கு முதல் குளிசை போடுவாங்க?"

"மஃரிபுக்கு. ஆறு கால் போல."

"இப்ப நாலு. இன்னும் போட்டிருக்க மாட்டாங்க. ஆளைப் பிடிக்க வேணும்." கம்பியில் கடைசியாகக் குத்தியிருந்த 'நோ' துண்டை எடுத்தார். றஹீமா, 52. அவ்வளவுதான். ஊர் இல்லை, தெரு இல்லை. எங்கள் கரையில் றஹீமாக்கள் எத்தனை பேர்!

"முகம் ஞாபகம் இருக்கா?"

முகத்தை எங்கே பார்த்தேன்? கண்ணை மூடிக்கொண்டு அந்த அரைவட்ட ஓட்டையை நினைத்தேன். ஒரு பொம்பிளைக் கை. வெள்ளி மோதிரம் ஒன்று. விரல்கள்... விரல்கள் நீலம்! நகத்துக்குள்ளே, கணுவரைக்கும், கழுவினாலும் போகாத நீலம்.

"சாயம் மிஸ்! நூலுக்குச் சாயம் போடுற கை! நெசவுக்காரர் ஊர், மருதமுனை!"

மிஸ் சரியான தடிமன் குளிசை ஆறை எண்ணினார். நான் பார்த்தேன். திரும்ப நான் எண்ண அவர் பார்த்தார். கவரை என் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டேன். "பள்ளிவாசல் ஸ்பீக்கர்ல சொல்லச் சொல்லுங்க. பிழை ஆஸ்பத்திரிட எண்டு சொல்லுங்க, உங்கட பேர் தேவையில்ல. நான் டாக்டரிட்டச் சொல்லிப்போட்டு இங்கயே இருக்கன்" என்றார்.

சைக்கிளை எடுத்தேன். உப்புக் காற்று எதிரே அடிக்கிறது, நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டுகிறது, கால் மட்டும் நிற்கவில்லை. அந்த மெயின் ரோட்டில் பஸ்காரன்கூட எனக்கு ஒதுங்கினான் என்றால் பாருங்கள்!

மருதமுனையில் முதலில் கண்ட சாயக் கொட்டிலுக்குள் போனேன். ஒருவர் நூல் கட்டுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"கை நீலமான ஒரு பொம்பிளையத் தேடுறன் காக்கா. பேர் றஹீமா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தத் தெருவுல பாதிப் பேருக்குக் கை நீலம். மத்தப் பாதிக்குச் சிவப்பு. ஆர் நீங்க, கலியாணம் பேச வந்தீங்களா?"

நோன்போடு ஓர் ஆளை ஏசக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். அடுத்த கொட்டில், அதற்கடுத்த கொட்டில். ஒரு றஹீமா வெளிநாட்டில். ஒரு றஹீமாவுக்கு எட்டு வயது. நேரம் ஐந்தரை. இனிப் பள்ளிதான்.

பள்ளியில் தொழுகைக்கு அதான் சொல்கிற மோதினார் நோன்புக் கஞ்சி பகிர்ந்துகொண்டிருந்தார். அகப்பையைக் கையில் வைத்தபடியே கேட்டார்: "என்னண்டு சொல்ற? ஆருட பிழையெண்டு சொல்ற?"

அந்த இடத்தில் என் வாய் ஒருதரம் நின்றது. உங்களிடம் ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பிழை என்று சொல்லச் சொல்லி மிஸ்ஸே அனுமதி தந்திருந்தார். ஸ்பீக்கரில் போனால் ஊருக்கே கேட்கும், ஊருக்குக் கேட்டால் கல்முனைக்குக் கேட்கும். ஆனால் ஆஸ்பத்திரி என்று பொதுவாகச் சொன்னால், எந்த மருந்து, எந்த ஜன்னல் என்று சனம் குழம்பும், உள்ள மருந்தையெல்லாம் எறியும். பிழை விட்டவனை நேரே பார்த்தால்தான் கேட்டுத் தெளிவார்கள்.

"றஹீமா எண்ட ஆளுக்கு ஆஸ்பத்திரியில மருந்து குடுத்த லெவ்வை குளிசைய மாத்திக் குடுத்திட்டார், ஆள் பள்ளி வாசல்ல நிக்கார், வந்து கேளுங்க எண்டு சொல்லுங்க."

மோதினார் அகப்பையை வைத்துவிட்டு உள்ளே போனார். பிறகு ஸ்பீக்கரைப் போட்டு நான் சொன்னதை ஒரு சொல் மாறாமல் சொன்னார். ரெண்டு தரம்.

சனம் வந்தது! ஒருவர் பாணி மருந்துப் போத்தலோடு, ஒரு உம்மா போன பெருநாளைக்கு எடுத்த மருந்துப் பையோடு, ஒருவர் வெறுங்கையோடு "லெவ்வை எண்டவன் ஆரு?" என்று பார்ப்பதற்காகவே. நான் எல்லாருடைய கவரையும் பிரித்துப் பார்க்கிறேன், நீலக் கையைக் காணோம். ஆறு மணி. அப்போது ஒரு பொம்பிளைப்பிள்ளை கஞ்சிச் சட்டியோடு நின்று சொல்லுது: "மாமா, எங்கட பின்வளவுச் சாயக்காரப் பெரியம்மா பகல் ஆஸ்பத்திரிக்குப் போன. அவட சரியான பேர் எனக்குத் தெரியா."

"வீட்டக் காட்டு மகள்!"

அந்தப் பிள்ளை கஞ்சி சிந்தச் சிந்த முன்னால் ஓட, நான் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

பின்வளவில் சாயப் பீப்பாய்கள். விறாந்தையில் பாய் விரித்து, பேரீச்சம்பழம், தண்ணி, கஞ்சிக் கோப்பை. பாயில் அந்தக் கை! வெள்ளி மோதிரம், நீல விரல். பக்கத்தில் கிழித்த கவர். பேரீச்சம்பழத் தட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் குளிசை, பள்ளியில் அதான் சொன்னதும் போடுவதற்குத் தயாராக.

"அதப் போடாதீங்க!"

எல்லாரும் எழும்பிவிட்டார்கள். எனக்கு மூச்சு வாங்குகிறது, கதை ஒழுங்காக வரவில்லை, வந்தமட்டும் சொன்னேன். அந்த அம்மாவின் புருசன் என் நெஞ்சுக்கு நேரே வந்தார். "ஆஸ்பத்திரியா அது, இல்லாட்டி கசாப்புக் கடையா? மனிசர உசிரு உங்களுக்கு விளையாட்டா?"

அந்த அம்மாதான் தடுத்தார். "நோன்பு வாயோட என்னத்துக்குச் சத்தம்? ஆள் தேடி வந்திரிக்காரே." பிறகு என் பக்கம் திரும்பி, "ஸ்பீக்கர் கேட்டுச்சி தம்பி. றஹீமா எண்டுதான் சொன்னாங்க. எனக்கி அந்தப் பேர் துண்டுல மட்டுந்தானே, ஊர்ல நான் சாயக்காரி. வேற ஆரோ எண்டு இருந்திட்டன். அது சரி, என்னை எப்படிப் புடிச்சீங்க?"

"உங்கட கையப் பாத்து, ராத்தா."

அவர் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "இந்தக் கைக்காக என்ட மருமகள் என்னோட சோறு பிசைஞ்சி தின்ன மாட்டாள்!"

நான் கவரைத் தட்டில் கவிழ்த்தேன். ஐந்து. தட்டோரத்தில் ஒன்று. ஆறு. 1770 இல் ஆறு போனால் 1764. கடைசி ரெண்டு இலக்கம் 64, நாலு பதினாறு! அந்த நிமிசம் அதான் கேட்டது. அந்த அம்மா பேரீச்சம்பழத் தட்டை முதலில் என் பக்கம்தான் நீட்டினார்.

நோன்பைத் திறந்துவிட்டு மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். "ஆறு, மிஸ்" என்றேன். மிஸ் சொன்னார்: "வீட்டுக்குப் போங்க காக்கா. நாளைக்கு எழுதிக் குடுக்க வேணும்."

எழுதிக் கொடுத்தேன். விசாரித்தார்கள். மூன்று மாதம் ஜன்னலில் நிற்கக் கூடாது, ஸ்டோரில் டின் தூக்கச் சொன்னார்கள். அது நியாயம்தான். மிஸ் தன்னுடைய அறிக்கையில், தான் அறையில் இல்லாத நேரம் நடந்ததால் பிழையில் தனக்கும் பங்கு என்று எழுதினார். கடைசி வரியில், பிழை விட்டவரே அதைக் கண்டுபிடித்தார் என்றும் எழுதியிருந்தார். சீனிப் போத்தலுக்குச் சிவப்புப் பட்டி அடித்து வேறு அலுமாரியில் வைத்தோம். சிவப்புப் பேனை என்னிடமே இருந்தது. ஸ்டோரில் இருந்து ஒவ்வொரு பின்னேரமும் வந்து கூட்டிப் பார்த்து, சரி போட்டுவிட்டுப் போவேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை யாருக்கும் சொன்னதில்லை.

மருதமுனைக்குப் போய்வந்த அடுத்த நாள் காலை, எல்லாருக்கும் முந்திப் போய் மருந்து அறையைத் திறந்தேன். உள்ளே போகவில்லை. வெளியே, ஆட்கள் வரிசையில் நிற்கிற பக்கம் போய், ஜன்னலுக்கு முன்னால் நின்றேன். கண்ணாடியில் நோட்டீஸ்கள்தான் தெரிந்தன. அந்த அரைவட்ட ஓட்டையால் என் வலது கையை உள்ளே நீட்டி, மருந்து வாங்குகிற மாதிரி விரித்து வைத்தேன். பிறகு குனிந்து, ஓட்டைக்குள்ளால் அதைப் பார்த்தேன்.

என் கையில் சாயம் ஒன்றும் இல்லை. இந்தக் கையை மட்டும் பார்த்து என்னை யார் தேடிப் பிடிப்பார்?

நிமிர்ந்து, நகத்தால் முதல் நோட்டீஸின் மூலையைக் கிளப்பி, உரிக்கத் தொடங்கினேன்.